ஞாபகசக்திக் குளிகைகள் பயன் தருமா?

செல்வம் குறைந்தால் மனிதன் கவலைப்படுகிறான். உடற்பலம் குன்றினால் வருந்துகிறான். ஞாபகம் குறையத் தொடங்கினாலோ அஞ்சுகிறான். பழகிய முகத்தை எதிரே கண்டும் பெயர் நாவில் வராது தவிக்கும் கணத்தில், தன்னுடைமை ஏதோ ஒன்று கைநழுவிப் போகின்றதென்ற ஐயம் அவன் உள்ளத்தில் எழுகின்றது. அந்த ஐயத்திற்கு மருந்தென்று கூறி விற்கப்படும் பொருட்கள் இன்று பலவுள. அவை உண்மையிலே பயன் தருவனவா என்பதை ஆராய்வது அனைவர்க்கும் நன்மை பயக்கும்.

இலங்கையின் மருந்துக்கடைகளில் ஞாபகசக்திக்கென விற்கப்படும் குளிகைகளையும் பாணிகளையும் வைத்தியரின் சீட்டு இன்றியே வாங்கலாம். வாங்குவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கோ க.பொ.த. பரீட்சைக்கோ பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பெற்றோர் ஒரு வகையினர். முதுமையின் வாயிலில் நிற்போரும் அவர்களைப் பராமரிக்கும் மக்களும் மற்றொரு வகையினர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவர் அறுபது வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ எய்தியிருந்தனர். ஆதலால் இரண்டாம் வகையினரின் தொகை இனி வளருமேயன்றிக் குறையாது.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் ஞாபகம் என்பது யாதென அறிதல் வேண்டும். ஞாபகத்திற்கு மூன்று தொழில்கள் உண்டு. ஒரு செய்தியைப் பற்றிக்கொள்ளுதல் முதலாவது. பற்றியதைப் பேணிவைத்தல் இரண்டாவது. வேண்டும்போது அதனை மீட்டெடுத்தல் மூன்றாவது. மறதியென்று மக்கள் முறையிடுவதிற் பெரும்பகுதி முதலாவது தொழிலிலே நேரும் குறையாகும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோமென்று தேடுபவர், வைக்கும்போது வேறெதனையோ எண்ணிக்கொண்டிருந்தவர். மூளை வாங்கிக்கொள்ளாத செய்தியை மூளை மறந்துவிட்டதென்று குறைகூறுவது முறையன்று. கவனம் சிதறியமையால் நேர்ந்த இக்குறையைப் போக்கும் குளிகை எதுவும் இல்லை.

மறதி இயல்பானது என்பதையும் உணர்தல் நன்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்கவுஸ் என்னும் உளவியலறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றதென்று அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றதிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறைந்துவிடுகின்றதென்றும், எஞ்சியது மெல்ல மெல்லவே தேய்கின்றதென்றும் அவர் கண்டார். ஒரே இருப்பிற் பலமுறை உருப்போடுவதினும், நாட்களைப் பகிர்ந்து இடைவிட்டுப் படித்தலே நிலைக்கும் என்பதும் அவர் கண்ட உண்மையாகும். ஆகவே, நேற்றுப் படித்ததை இன்று மறந்த பிள்ளை நோயாளியல்லன். மனித மூளையின் இயல்புக்கு ஏற்ப நடப்பவனே.

இனி, விற்பனைக்குள்ள பொருட்களை ஒவ்வொன்றாக நோக்குவோர் முதலிற் காண்பது கிங்கோ என்னும் சீன மரத்தின் இலைச்சாறு. உலகில் ஞாபகத்திற்கென அதிகமாக விற்கப்படும் மூலிகைகளுள் இதுவும் ஒன்று. இதனைச் சோதிப்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. எழுபது வயதைக் கடந்த 3,069 பேர் அதிற் பங்குபற்றினர். அவர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்குக் கிங்கோக் குளிகையும் மறு கூற்றினர்க்கு அதனையொத்த வெறுங்குளிகையும் வழங்கினர். யார் எதனை உண்கின்றனர் என்பது உண்போர்க்கும் தெரியாது. அவர்களைப் பரிசோதித்த வைத்தியர்க்கும் தெரியாது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. முடிவு 2008இல் வெளியாயிற்று. வெறுங்குளிகை உண்டவர்களுள் 246 பேரும், கிங்கோ உண்டவர்களுள் 277 பேரும் அறிவுத்தேய்வு நோய்க்கு ஆளாகியிருந்தனர். மருந்து எவரையும் காத்ததாகத் தெரியவில்லை. பிரான்சில், மறதியுண்டென்று தம் வைத்தியரிடம் முறையிட்ட 2,800க்கும் மேற்பட்ட முதியோரை ஐந்தாண்டுகள் அவதானித்த மற்றோர் ஆய்வும் 2012இல் இதே முடிவை அறிவித்தது.

வெறுங்குளிகை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை மனித மனத்தின் இயல்பிலே உள்ளது. விலைகொடுத்து வாங்கிய மருந்தை நம்பிக்கையோடு உண்பவர், அன்றுமுதல் தம் ஞாபகத்தைக் கவனித்து வருகிறார். மறந்தவற்றைத் தள்ளி, நினைவுக்கு வந்தவற்றை எண்ணிக்கொள்கிறார். பாணி மருந்து குடிக்கத் தொடங்கிய மாணவன், பெற்றோரின் எதிர்பார்ப்பை உணர்ந்து முன்னையினும் ஊக்கமாகப் படிக்கிறான். புள்ளிகள் உயர்ந்ததும் புகழ் போத்தலுக்குச் சேர்கின்றது. அயலவர் ஒருவர் தமக்குக் குணங்கண்டதாகக் கூறுவது பொய்யுரையாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் குணம் எதனால் வந்ததென்பதை அவர் சொல் நிறுவமாட்டாது. வெறுங்குளிகையோடு ஒப்பிட்டாலன்றி அதனை அறியும் வழியில்லை.

இரண்டாவது சான்று இன்னும் விந்தையானது. சொறிமுட்டை எனப்படும் ஜெல்லிமீன் வகையொன்றில் நீல ஒளி வீசும் புரதம் ஒன்று உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா அதனைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். அப்புரதத்தின் ஒரு கூற்றைக் குளிகையாக்கி, ஞாபகத்தை வளர்க்குமென்று விளம்பரப்படுத்தி, அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பல ஆண்டுகளாக விற்றுவந்தது. 218 பேரைக்கொண்டு நடத்திய சோதனையை அது சான்றாகக் காட்டியது. அச்சோதனையின் முழுத்தொகையை நோக்கினால், குளிகைக்கும் வெறுங்குளிகைக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமையில்லை. பங்குபற்றினோரைச் சிறுசிறு கூட்டங்களாகப் பிரித்துப் பார்த்தபோது அங்குமிங்கும் தோன்றிய சில வேற்றுமைகளே விளம்பரத்தில் இடம்பெற்றன. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் மாநில சட்டமா அதிபரும் 2017இல் வழக்குத் தொடுத்தனர். 2024 டிசெம்பரில், இக்குளிகை ஞாபகத்தை வளர்க்குமென்று விளம்பரஞ்செய்தலை நீதிமன்றம் தடைசெய்தது. இவ்விடத்தில் எளிய உண்மையொன்று நினைக்கத்தக்கது. உண்ணப்படும் புரதம் வயிற்றிலும் குடலிலும் செரித்துச் சிதைகின்றது. மீன்குழம்பிலுள்ள புரதத்திற்கு நேர்வதே ஜெல்லிமீன் புரதத்திற்கும் நேரும்.

விற்றமின்களும் மீனெண்ணெயும் பற்றிக் கூறவேண்டியது வேறு. இவை உடலுக்கு வேண்டிய பொருட்களே. ஆயினும், குறைபாடு இல்லாதவர் அறிவுத்தேய்வைத் தடுக்கும் நோக்கத்தோடு பி, ஈ விற்றமின்களையோ மீனெண்ணெயில் உள்ளவை போன்ற கொழுப்பமிலங்களையோ குளிகையாக உண்ணுமாறு பரிந்துரைத்தல் ஆகாதென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. பல விற்றமின்கள் சேர்ந்த கூட்டுக்குளிகையைப் பற்றி ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. ஏறத்தாழ 6,000 ஆண் வைத்தியர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய அமெரிக்க ஆய்வு, நன்மை எதுவும் இல்லையென 2013இல் அறிவித்தது. அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலுமான 2,200க்கும் மேற்பட்டோரை மூன்றாண்டுகள் சோதித்த மற்றோர் ஆய்வு, சிறிதளவு நன்மை உண்டென 2022இல் அறிவித்தது. நடுநிலையோடு கூறுவதாயின், இவ்வகைக் குளிகை முதியோர் சிலர்க்குச் சிறிது துணைசெய்யலாம். அறிவுத்தேய்வு நோயைத் தடுக்குமென்பதற்குச் சான்றில்லை.

தமிழ் மக்கள் நெடுங்காலமாக ஞாபகத்திற்கு உகந்ததெனப் போற்றிவருவது வல்லாரை. சிங்கள மக்களும் இக்கீரையைச் சம்பலாகவும் இலைக்கஞ்சியாகவும் விரும்பி உண்பர். நீர்ப்பிரம்மி என்பது வேறொரு பூண்டு. பிரம்மி என்னும் பெயர் சிலவிடங்களில் இரண்டிற்கும் வழங்குவதால் வாங்குவோர் மயங்குவதுண்டு. நீர்ப்பிரம்மியைப் பற்றிச் சில ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. 2001இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வொன்றில், பன்னிரண்டு வாரங்கள் அதனை உண்டவர்கள் கற்கும் வேகத்தில் முன்னேறினர் எனக் கண்டனர். ஆயினும் அதிற் பங்குபற்றியோர் 46 பேர் மாத்திரமே. இத்தகைய சிறிய, குறுகிய கால ஆய்வுகளைக்கொண்டு உறுதியான முடிவுக்கு வருதல் இயலாது. உண்டவர்களுட் சிலர்க்கு வயிற்றுக்குழப்பம் ஏற்படுவதும் அறியப்பட்டதே. பரீட்சைக்கு இரு வாரங்களுக்கு முன்னர் அதனை வாங்கிக் கொடுப்பதால் விளையும் பயன் யாதென்பதைப் பெற்றோரே சிந்திக்கலாம். வல்லாரைச் சம்பலை உணவோடு உண்பதில் எவர்க்கும் தடையில்லை. அது நல்ல கீரை. ஆனால் கீரை என்ற நற்பெயரைக் காட்டி, பன்மடங்கு விலையில் அதன் சாற்றைக் குளிகையாக்கி விற்கும்போது, விற்பவரே சான்று காட்டக் கடமைப்பட்டவராவர்.

அங்ஙனமாயின் எந்தக் குளிகையும் எவர்க்கும் பயன்படாதோ? பயன்படும் இடமும் உண்டு. எண்ணெய் வற்றிய விளக்கில் எண்ணெய் வார்த்தால் சுடர் நிமிர்ந்தெரியும். நிறைந்த விளக்கில் மேலும் வார்த்தால் எண்ணெய் வழிந்தோடுமேயன்றிச் சுடர் பெரிதாகாது. திரியே கருகியிருப்பின் எண்ணெயால் ஆவதொன்றில்லை. இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறியாது வாங்குவதே வீண்செலவின் காரணம்.

எண்ணெய் வற்றிய நிலைக்குத் தக்க உதாரணம் பி12 விற்றமின் குறைபாடு. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே இது பெரிதும் கிடைப்பதாலே, பாலையும் தவிர்க்கும் சைவ உணவினர்க்கு இக்குறை நேரக்கூடும். முதுமையில் வயிறு இதனை உணவிலிருந்து பிரித்தெடுக்கும் ஆற்றலை இழக்கின்றது. நீரிழிவுக்கு மெற்போமின் என்னும் மருந்தை நெடுங்காலம் உண்போர்க்கும் இது குறைவதுண்டு. குறையும்போது கைகால் விறைப்பும், தளர்ச்சியும், மறதியும் தோன்றும். இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். காலத்தோடு அறிந்தால் ஊசியாலோ குளிகையாலோ திருத்தலாம். இவ்வாறே இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை வகுப்பிற் சோர்ந்திருக்கும். அதற்கு வேண்டியது இரும்புச்சத்தேயன்றி ஞாபகப் பாணியன்று. தாயின் உணவில் அயடின் குன்றினால் கருவிலுள்ள சிசுவின் மூளைவளர்ச்சி குன்றும். இலங்கையில் 1995ஆம் ஆண்டிலே உப்புக்கு அயடின் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது இதனாலேயே. சமையலறையில் உள்ள அந்தச் சாதாரண உப்பு, விலையுயர்ந்த பல போத்தல்களினும் மூளைக்கு அதிக நன்மை செய்துள்ளது.

பயனில்லாவிடினும் தீங்கில்லையே, உண்டு பார்த்தால் என்ன என்று கேட்போர் பலர். தீங்கு மூன்று வகையில் வரலாம்.

முதலாவது, உடலுக்கு வருவது. கிங்கோ இரத்தம் உறையும் தன்மையைப் பாதிக்கக்கூடியது என்பதால், வாபரின், அஸ்பிரின் முதலிய மருந்துகளை உண்போர் வைத்தியரைக் கேளாது அதனை உண்ணலாகாது. போத்தலின் மீது எழுதப்படாத பொருள் உள்ளே இருப்பதும் உண்டு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஞாபகத்திற்கும் அறிவுக்கூர்மைக்கும் என விற்கப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அந்நாட்டில் அனுமதி பெறாத ஐந்து மருந்துகளை அவற்றிற் கண்டுபிடித்தது. இது எவ்வாறு நேர்கின்றதெனின், 1994இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய துணையுணவுகளை விற்குமுன் அவற்றின் பயனை அரசாங்கத்துக்கு நிரூபித்தல் வேண்டியதில்லை. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பில், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களும் அடங்கியுள்ளன. எனினும் வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போத்தலை எந்த அதிகாரசபையும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது, பொருளுக்கு வரும் தீங்கு. மாதந்தோறும் போத்தலுக்குச் செலவாகும் பணம், ஒரு குடும்பத்தில் முட்டையாகவும் மீனாகவும் கீரையாகவும் மாறியிருக்கக்கூடிய பணம்.

மூன்றாவதே யாவற்றினும் கொடியது. அது காலத்தை இழத்தல். தந்தையார் ஒரே வினாவை மீண்டும் மீண்டும் கேட்கின்றார். அடுப்பை அணைக்க மறக்கின்றார். பழகிய தெருவிலே வழி தடுமாறுகின்றார். வயது சென்றால் அப்படித்தான் என்று கூறி, வீட்டார் குளிகை வாங்கிக் கொடுக்கின்றனர். ஆறு மாதங்கள் கழிகின்றன. அவருடைய மறதிக்குக் காரணம் பி12 குறைபாடாக இருக்கலாம். தைரொயிட்டுச் சுரப்பியின் சோர்வாக இருக்கலாம். மனைவியை இழந்த துயரத்தால் வந்த மனச்சோர்வாக இருக்கலாம். நித்திரைக்கென உண்ணும் குளிகையின் விளைவாகவும் இருக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்தபோது தலையோட்டினுள் கசிந்த இரத்தமாகவும் இருக்கலாம். இவை யாவும் வைத்தியத்திற்கு இணங்குவன. நாட்பட நாட்பட இவற்றுட் சில முற்றாகத் திருந்தும் வாய்ப்பை இழந்துவிடும். உண்மையிலே அறிவுத்தேய்வு நோயாயினும், முன்னதாக அறிந்தாற் குடும்பத்தவர் ஆயத்தமாகலாம். முதியவர் தம் விருப்பங்களைத் தாமே கூறலாம். போத்தல் தந்த பொய்யான ஆறுதல் பறித்துக்கொள்வது அந்தக் காலத்தையே. முறையான மறதிக்கும் நோய்க்கும் உள்ள வேற்றுமையை எளிதாகக் கூறுவதாயின், திறப்பை எங்கு வைத்தோமென்று மறப்பது பெரும்பாலும் இயல்பு. திறப்பு எதற்கு உதவுவதென்பதையே மறப்பது வைத்தியரிடம் செல்லவேண்டியதன் அறிகுறி.

இனி, ஞாபகத்திற்கு உண்மையில் உதவுவன எவை? முதலாவது நித்திரை. 1924இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெங்கின்ஸ், டலன்பாக் என்னும் இருவர் நடத்திய சோதனையில், கற்றபின் உறங்கியவர்கள், கற்றபின் விழித்திருந்தபோதினும் குறைவாகவே மறந்தனர் எனக் கண்டனர். பிற்கால ஆய்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. பரீட்சைக்கு முந்திய இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் மாணவன், பகலெல்லாம் சேர்த்ததை இரவிலே சிந்திவிடுகிறான். இரண்டாவது, தன்னைத்தானே வினவிப் படித்தல். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவரினும், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர் ஒரு வாரத்தின் பின்னர் அதிகமாக நினைவில் வைத்திருந்தனர் என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இதற்கு வேண்டியது ஒரு கடதாசியும் பென்சிலுமே.

முதியோர்க்கு நடை ஒரு நல்ல மருந்து. மூளையில், கடற்குதிரையின் வடிவையொத்த பகுதியொன்று புதிய நினைவுகளைப் பதியவைக்கத் துணைசெய்கின்றது. 120 முதியோரைக்கொண்டு நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டு ஒழுங்காக விரைந்து நடந்தவர்களிடம் அப்பகுதி ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு பருத்திருந்தது. மற்றவர்களிடம் அது சுருங்கியிருந்தது. பின்லாந்தில் 1,260 பேரைக்கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வோ, நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய யாவும் ஒருங்கே சேரும்போது அறிவாற்றல் காக்கப்படுகின்றதென்று கண்டது. லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு, அறிவுத்தேய்வு நோய்க்குக் காரணமாகும் பதினான்கு ஏதுக்களை 2024இல் தொகுத்துரைத்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்திரோல், புகைத்தல், மிகுமது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, செவிப்புலக் குறை, கட்புலக் குறை முதலியன அவற்றுள் அடங்கும். யாவற்றையும் நீக்க முடியுமாயின் இந்நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கைத் தடுக்கவோ பின்போடவோ இயலுமென்பது அதன் கணிப்பு. அப்பட்டியலில், ஞாபகக் குளிகை உண்ணாமை ஒரு காரணமாகக் கூறப்படவில்லை.

ஆகவே, போத்தலை வாங்கக் கை நீட்டுமுன் நான்கு வினாக்களைக் கேட்டல் தகும். இது வெறுங்குளிகையோடு ஒப்பிட்டுப் போதிய மனிதரிடத்துச் சோதிக்கப்பட்டதா? உண்பவர்க்கு எச்சத்துக் குறைவென்று இரத்தப் பரிசோதனையால் அறியப்பட்டதா? அவர் உண்ணும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? இப்பணத்தால் இதனினும் நன்மையான வேறொன்றைச் செய்யலாகாதா? இவற்றிற்குத் திருப்தியான விடை கிடைத்தால் வைத்தியரின் ஆலோசனையோடு வாங்கலாம். கிடையாவிடின் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

மூக்குக்கண்ணாடி மங்கிய மூதாட்டிக்குப் புதிய கண்ணாடி. காது மந்தமான பெரியவர்க்குச் செவிக்கருவி. மாலைதோறும் கைபிடித்து நடக்க ஒரு பேரப்பிள்ளை. பரீட்சை எழுதும் மகனுக்குக் குறைவற்ற நித்திரை. இவை எந்த விளம்பரத்திலும் ஞாபகசக்தி மருந்துகளென்று கூறப்படுவதில்லை. ஆயினும் சான்றுகளின் பாரம் இவற்றின் பக்கமே சாய்ந்திருக்கின்றது.